பட்டான் கல்லும் பார்சிலோனாக்காரரும்

என் மாமாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் தோலைச் சரளமாகப் படிப்பார். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் முப்பது வருஷம் செலக்‌ஷன் மேசையில் நின்றவர். பதனிட்ட தோலை விரித்து உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு, இது முள்வேலியில் கிழித்தது, இது உண்ணி கடித்தது, இது மாட்டுக்காரன் போட்ட சூடு என்று வரிசையாகச் சொல்வார். சில சூட்டுத் தழும்புகள் எழுத்தாகவே இருக்கும், சொந்தக்காரனின் அடையாளம். அது இருந்தால் தோல் ஒரு தரம் கீழே இறங்கும். "எழுத்து பட்ட தோலு வெலைக்கு ஆவாது மாப்ள" என்பார்.

அவரிடம் போனில் ஒரு படத்தைக் காட்டினேன். பிரான்ஸில் ஆன்டீப் துறைமுகத்தின் பழைய கொத்தளம் ஒன்றில், கடலைப் பார்த்தபடி ஒரு வெள்ளை உருவம் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கிறது. எட்டு மீட்டர் உயரம். உடம்பு முழுக்க எஃகு எழுத்துகள், ஒன்றோடொன்று பற்றவைத்தவை. முகம் கிடையாது. முன்பக்கம் திறந்திருப்பதால் ஆட்கள் உள்ளே போய் நின்று எழுத்துகளின் இடுக்கு வழியே கடலைப் பார்க்கலாம். மாமா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணும் இல்லியே. வெறுந்தோலு."

அந்த உருவத்தைச் செய்த ஜௌமே பிளென்சா இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். 1955இல் பார்சிலோனாவில் பிறந்த இந்தச் சிற்பி பல பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்வதும் தோலைப் பற்றித்தான்: வாழ்க்கை நம் தோலின்மேல் கண்ணுக்குத் தெரியாத மையால் எழுதிக்கொண்டே இருக்கிறது, தன் சிற்பம் அந்த எழுத்தை வெளியே கொண்டுவருகிறது என்று. கண்ணுக்குத் தெரிந்த எழுத்துக்கே தரம் குறைக்கிற ஊர்க்காரன் நான். எனக்கு இந்த ஆள்மேல் ஓர் ஈர்ப்பு வந்ததற்கு அதுதான் காரணம்.

2011இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷர் சிற்பப் பூங்காவில் அவர் வைத்த கண்காட்சி எழுத்தை உடம்பாக்கும் இந்த வேலைக்கு நல்ல உதாரணம். நீளமான நடையில் உலோக எழுத்துகளைக் கம்பியில் கோத்து ஐம்பது மீட்டருக்குக் கவிதைத் திரை தொங்கவிட்டிருந்தார். வந்தவர்கள் கையால் அளைந்துகொண்டே போகலாம், எழுத்துகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கும். உள்ளே வரிகள் பொறித்த பெரிய வெண்கலச் சேகண்டிகள், அவற்றையும் தட்டலாம். வெளியே புல்வெளியில் உயிருள்ள மரங்களைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்த வெண்கல மனிதர்கள், உடம்பெல்லாம் இசையமைப்பாளர்களின் பெயர்கள். தொடாதே என்ற பலகையைப் பார்த்தே வளர்ந்த நமக்கு, தொடச் சொல்லும் கண்காட்சியே ஒரு விந்தைதான்.

2015இல் வெனிஸில் சான் ஜோர்ஜோ மஜோரே தேவாலயத்தின் குவிமாடத்துக்குக் கீழே ஒரு பெரிய கையைத் தொங்கவிட்டார். எட்டு வகை எழுத்துகளால் ஆன கை. லத்தீன், கிரேக்கம், எபிரேயம், அரபு, சீனம், ஜப்பானியம், சிரிலிக், தேவநாகரி. தமிழ் இல்லை. இதில் கோபப்பட ஒன்றுமில்லை, ஏனென்றால் அந்தக் கையில் எந்த மொழியும் எதையும் சொல்லவில்லை. எழுத்துகள் வேண்டுமென்றே சொல்லாகாமல் கலைந்து கிடக்கின்றன. தனி எழுத்து ஓர் உயிரணு மாதிரி, சேர்ந்தால்தான் உடம்பு என்பது அவர் கணக்கு. தமிழ் இலக்கணம் எழுத்துக்கே உயிர், மெய் என்று பெயர் வைத்து, இரண்டும் கூடினால் உயிர்மெய் என்று முடித்துவிட்டது. நமக்கு இது பள்ளிக்கூடப் பாடம்.

நம் பக்கம் இதை ஓவியத்தில் செய்து பார்த்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டம், கணக்குக் குறிப்பு, மலையாள எழுத்துச் சாயல் எல்லாம் பொடிப்பொடியாக வரும். படிக்கப் போனால் ஒன்றும் பிடிபடாது. கோவை குறிச்சிக் குளக்கரையில் தமிழ் எழுத்துகளையே கோத்து வள்ளுவர் தலையை நிறுத்தியிருக்கிறார்கள். செல்ஃபி எடுக்கக் கூட்டம் நிற்கிறது, நிற்கட்டும். எனக்கு அதில் குறை ஒன்றுதான்: வள்ளுவர் என்று ஏற்கெனவே தெரிந்த முகத்துக்கு எழுத்து அங்கே அலங்காரமாகப் போய்விடுகிறது.

மனித உருவையும் மொழியையும் ஒரே பரப்பில் வைத்து, இரண்டில் ஒன்றை எடுத்தால் மற்றது நொண்டும்படி செய்த கலை எங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறது. செங்கம், திருவண்ணாமலை, தருமபுரி, திருப்பத்தூர் என்று காட்டுவழியெல்லாம் நிற்கும் நடுகற்கள்தான். 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே போட்டது. கல்லில் ஒருவன் இடக்கையில் வில், வலக்கையில் குறுவாளோடு பாய்கிறான். சில கற்களில் அம்பு உடம்பில் தைத்தே இருக்கும். காலடியில் கெண்டி, சிமிழ். தலைக்கு மேலும் பக்கத்திலும், இடம் கிடைத்த பக்கமெல்லாம் எழுத்து. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யாருடைய சேவகன், எந்தத் தொறுவை மீட்கப் போய்ப் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் செத்தான். கடைசிச் சொல் பெரும்பாலும் 'கல்'. அவ்வளவுதான் வாசகம்.

செங்கத்துக்குப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று உண்டு. வீரனுக்குப் பக்கத்தில் நாய் நிற்கிறது. அந்த நாய்க்கும் தனியாக எழுத்து: பெயர் கோவிவன், கள்ளர்களைக் கடித்து நின்றது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பிளென்சாவின் குந்தியிருக்கும் மனிதனுக்குப் பெயர் இல்லை. அவன் யாராகவும் இருக்கலாம் என்பதுதான் அதன் அழகு என்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோவிவன் வேறு எந்த நாயாகவும் இருக்க முடியாது. இரண்டில் எது எனக்குப் பெரிது என்று கேட்டால் நாய்ப் பக்கம்தான் போவேன்.

ஆம்பூரிலும் நடுகற்கள் கிடைத்தன. பல்லவன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டு, ஒன்பதாம் நூற்றாண்டு. ஊர்ப்பெயர் அப்போது ஆமையூர். படுவூர்க் கோட்டத்து மேல் அடையாறு நாட்டில் இருந்தது. நுளம்ப மன்னனின் படை தொறு கொள்ள வந்தபோது பட்டவர்களின் கற்கள் அவை. ஜெர்மன்காரர் ஹுல்ஷ் படித்து, 'எபிகிராபியா இண்டிகா'வின் நான்காம் தொகுதியில் அச்சேற்றினார். மாட்டுக்காக ஆள் செத்த அதே ஊர் வழியாகத்தான் ஆயிரத்து நூறு வருஷம் கழித்து தோல் லாரிகள் போகின்றன. இந்தப் பொருத்தத்தை மாமாவிடம் சொன்னேன். "மாடு இருக்கற எடத்துலதான சண்டையும் இருக்கும்" என்று அதோடு விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். நடுகல் முன்னால் வந்ததும் செருப்பைக் கழற்றினார். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இது இன்னும் சாமிதான். வேடியப்பன் என்று எண்ணெய் பூசி மாலை போடுவார்கள். பூசிப்பூசி எழுத்து மழுங்கிப் போன கல் எத்தனையோ. இது பிழைத்து வந்த கல். அவர் தொடவில்லை. கண்ணைக் கிட்டே கொண்டுபோய், தோலைப் பார்க்கிற மாதிரியே பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தார்.

"வட்டவட்டமா இன்னா எழுத்து இது?"

"வட்டெழுத்து மாமா. செத்தவர் பேரு, ஊரு, ராஜா பேரு எல்லாம் இருக்கும்."

"மாட்டுக்கு சொந்தக்காரன்?"

"சில கல்லுல அதுவும் இருக்கும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மேலிருந்து கீழே, பிறகு ஓரம், பிறகு வீரனின் முழங்காலுக்குப் பக்கம் எழுத்து முடிகிற இடம் என்று பார்வையாலேயே தடவினார்.

"கல்லு வெட்டனவன் பேரு எங்க கீது மாப்ள?"

இல்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, கழற்றி விட்ட செருப்பைத் தேடிப் போனார்.