திங்களைக் கடக்கும் நிழல்கள்

நுவரெலியா, ஹட்டன் தேயிலைத் தோட்டங்களில் முகில் விலகிய இரவில் தொலைகாட்டியால் நிறைமதியை நோக்குவோன், அதன் வட்டத்தைக் கருநிழலொன்று விரைந்து கடக்கக் காணலாம். அது பறவையோ, செய்மதியோ?

கடக்கும் நேரம் மட்டும் விடை தராது. 1 கிலோமீற்றர் தொலைவில் மதிவட்டத்தின் அகலம் 9 மீற்றருக்கே ஈடாகும். விரையும் பறவை அதனை ஏறக்குறைய அரைச் செக்கனிற் கடக்கும். 400 கிலோமீற்றர் உயரத்தில், செக்கனுக்கு 7.7 கிலோமீற்றர் வேகத்தில் இயங்கும் சர்வதேச விண்வெளி நிலையமும், உச்சிவானில் அவ்வளவு நேரத்திலேயே கடக்கும். ஆயின், மதிக்குக் குவியப்படுத்திய தொலைகாட்டியில் நிலையம் தெளிவாகவும், அண்மைப் பறவை மங்கலாகவும் தோன்றும். சிறகசைவும் பறவையைக் காட்டிக்கொடுக்கும்.

இவ்வாறு மதியைக் கடக்கும் பறவைகளை எண்ணி, அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் லோவெரி இரவு வலசை பற்றிய தம் ஆய்வை 1951இல் வெளியிட்டார். இந்தியாவிலிருந்து இலங்கைக்கு மாரிக்கால விருந்தாய் வரும் ஆறுமணிக்குருவியும் இரவிற் பறப்பதே. ஆதலின், மலைநாட்டு மாணவன் கண்ட நிழலைப் புறக்கணியாது, நேரமும் திசையும் குறித்துவைத்தல் நன்று.