களத்தை விட்டுக் கண்காட்சிக்கு வந்த குட்டிச் சேவல்

சண்டைச் சேவல் என்றதும் திரண்ட தொடையும் தடித்த கழுத்தும்தான் நம் மனதில் எழும். மாடர்ன் கேம் பேண்டம் என்ற குட்டிக் கோழி இனம் அப்படியில்லை. அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடை. உடலுக்குப் பொருந்தாத நெட்டைக் கால்கள். சண்டைக்கோழி வம்சத்தில் வந்தாலும் சண்டைக்கென்று உருவாக்கப்பட்ட இனமல்ல இது.

எப்படி உருவானது?

இங்கிலாந்தில் 1835-இல் சேவல் சண்டைக்குச் சட்டம் தடை போட்டது. 1849-இல் வந்த இன்னொரு சட்டம் அந்தத் தடையை இறுக்கியது. தலைமுறை தலைமுறையாகச் சேவல் வளர்த்தவர்கள் கோழிக் கண்காட்சிகளின் பக்கம் திரும்பினார்கள். களத்தில் வலிமைக்கு மதிப்பு, கண்காட்சியிலோ தோற்றத்துக்கு. ஆகவே பழைய ஆங்கிலச் சண்டைக்கோழியுடன் உயரமான மலாய்க் கோழியைச் சேர்த்து, நெடிய இனம் ஒன்றை உருவாக்கினார்கள். அதுவே மாடர்ன் கேம். அதன் குட்டி வடிவத்தைச் செம்மைப்படுத்தியவர்களில் யார்க்‌ஷயரின் வேக்ஃபீல்டைச் சேர்ந்த டபிள்யூ. எஃப். என்ட்விசில் முக்கியமானவர். பெரிய வகையை இன்று காண்பதே அரிது. பரவலாக வளர்க்கப்படுவது குட்டி வகைதான்.

அடையாளங்கள்

பிரிட்டிஷ் தரவிதிப்படி சேவல் 570 முதல் 620 கிராம். பெட்டை 450 முதல் 510 கிராம். மேலிருந்து பார்த்தால் உடல் இஸ்திரிப் பெட்டி போல இருக்க வேண்டும்: தோள் அகலம், வால் பக்கம் குறுகல். கழுத்து நீண்டு மெலிந்திருக்கும். வால் ஒல்லியாக, சிறிதாக இருக்கும். இறகுகள் குட்டையாக உடலோடு ஒட்டிக் கிடக்கும். சில படங்களில் சேவலின் தலை மொட்டையாகத் தெரியும். கொண்டையையும் தாடியையும் வெட்டிவிடும் வழக்கம் சண்டைக் காலத்தின் மிச்சம்; பிறவியிலேயே கொண்டை உண்டு.

நிறங்கள் பல. கருஞ்சிவப்பு வகைச் சேவலுக்கு நெஞ்சு கருப்பு, கழுத்து பொன்னிறம், முகம் சிவப்பு. பிர்ச்சன் வகைக்குக் கழுத்து வெள்ளி நிறம், முகமும் காலும் கருமை.

கண்காட்சியில் முதலில் பார்ப்பது நிற்கும் தோரணையைத்தான். அதற்காகக் கூண்டின் மேல் பக்கத்திலிருந்து தீனியைக் காட்டிப் பழக்குவார்கள். பறவை கழுத்தை நீட்டி, காலை ஊன்றி நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொள்ளும். பின்விரல் நேராகப் பின்னோக்கித் தரையில் பதிய வேண்டும். முன்பக்கம் திரும்பியிருந்தால் குறை.

வளர்ப்பவர்களுக்கு

மனிதரிடம் எளிதில் பழகும். கையில் எடுத்தால் அமைதியாக இருக்கும். ஆனால் சேவலும் சேவலும் சேர்ந்தால் மோதும். தனித்தனியே அடைக்க வேண்டும். இறகு குறைவென்பதால் குளிரும் மழையும் ஆகாது. ஈரம் தங்காத கூடு அவசியம். முட்டைகள் சிறியவை, எண்ணிக்கையும் குறைவு. பெட்டை நன்றாக அடைகாத்துக் குஞ்சுகளைப் பேணும். சிறிய உடம்பு என்பதால் அடைக்குச் சில முட்டைகளே வைக்க வேண்டும்.

முட்டைக்கோ கறிக்கோ இந்தக் கோழியை வாங்காதீர்கள், ஏமாற்றமே மிஞ்சும். பார்த்து மகிழவும் பொறுமையாகப் பழக்கவும் நேரம் இருப்பவர்களுக்கே இது ஏற்றது. வாங்கும் முன் பறவையைத் தரையில் நடக்க விட்டுப் பாருங்கள். கால் நேராக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.