தோல்வி வேறு, காயம் வேறு

2022 ஜூலை-ஆகஸ்டில் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்ற 16 வயது குகேஷ், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் ஆட்டத்தைக் கோட்டைவிட்டார். அவருடைய அணிக்கு வெண்கலம்தான் கிடைத்தது. பின்னர் உலகப் பட்டத்துக்குத் தயாரானபோது மனப் பயிற்சியாளர் பேடி அப்டன் அவருடன் இருந்தார். 2024 டிசம்பரில் பட்டமும் வந்தது. மனத்துக்கும் பயிற்சி வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை.

ஆனால், தோல்வியிலிருந்து மீட்கும் பயிற்சி மனக்காயத்தை ஆற்றாது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்திரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைச் சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவருடைய உடல் ஊர்ப்பேச்சானது. செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தார். உயிரை விடவும் முயன்றார். ஓட்டத்தில் அவர் தோற்கவில்லை. தாங்கிப் பிடிக்க வேண்டியவர்கள் விலகி நின்றதுதான் காயம். அதையும் கடந்து, பின்னாளில் அவர் தடகளப் பயிற்சியாளரானார்.

இப்படிக் காயம்பட்டவர்கள் நம் கல்லூரி மைதானங்களிலும் இருக்கிறார்கள். ஆபத்து நீங்கிய பிறகும் அவர்களின் உடல் காவலிலேயே நிற்கும். தூக்கம் வராது, விசில் சத்தத்துக்குத் திடுக்கிடும், யாராவது தொட்டால் விறைக்கும். மைதானத்தில் இதற்குச் சூட்டும் பெயர் திமிர், சோம்பல், நடிப்பு. காயத்தை அறிந்த பயிற்சியாளர் அப்படிப் பெயர் சூட்ட மாட்டார். கேட்டுவிட்டுத்தான் தொட்டுத் திருத்துவார். எல்லார் முன்னாலும் காரணம் கேட்க மாட்டார். நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தாமல், உரிய நிபுணரிடம் சேர்ப்பார்.

இதற்குக் குறுக்கே நிற்பது அதிகாரம். ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட், விடுதி, கட்டணச் சலுகை, அணியில் இடம் எல்லாமே பெரும்பாலும் பயிற்சியாளரின் சொல்லைப் பொறுத்தவை. அப்படிப்பட்டவரிடமே வலியைச் சொல்ல எந்த மாணவிக்குத் துணிவு வரும்? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மருத்துவர் லாரி நாசர் மீதான பாலியல் புகார்கள் பல ஆண்டுகள் அமுங்கிக் கிடந்தன. 2018இல் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் பேசினார்கள். சென்னையிலும் 2021இல் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைதானார்.

பயிற்சியாளரும் மனிதர்தான். ஒப்பந்த வேலை, முடிவு காட்டச் சொல்லும் நிர்வாகம், மாணவர்கள் வந்து கொட்டும் துயரம் எல்லாவற்றையும் அவர் தனியாகச் சுமக்கிறார். அந்தப் பாரம் மைதானத்தில் கோபமாக வெடிக்கிறது. அவருக்கும் மனம்விட்டுப் பேச ஒருவர் வேண்டும்.

செங்கல்பட்டு மாவட்டத்தால் இவற்றுக்கெல்லாம் வழிகாட்ட முடியும். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இங்கே மேலக்கோட்டையூரில்தான் இருக்கிறது. விளையாட்டு உளவியலும் அங்கே பாடம். நாளைய உடற்கல்வி ஆசிரியர்கள் அனைவருக்கும் மனக்காயத்தை அறியும் பயிற்சியைக் கட்டாயமாக்கலாம். சுற்றியுள்ள கல்லூரிகள் ஒவ்வொன்றும், அணித் தேர்வில் எந்தப் பங்கும் இல்லாத ஒரு மனநல ஆலோசகரை நியமிக்கலாம். 14416 என்ற டெலி-மனஸ் இலவச மனநல உதவி எண்ணை உடை மாற்றும் அறைச் சுவரில் இன்றைக்கே எழுதலாம். ஆலோசகர் தேர்வுக்குழுவுக்கு வெளியே இருந்தால்தான் மாணவர்கள் வாய் திறப்பார்கள். அவருக்கான சம்பளத்தைக் கல்லூரிகள் விளையாட்டு நிதியிலேயே ஒதுக்க வேண்டும்.