கடலோடு கலந்த சித்திரக்காரர்

1866-ம் வருஷம் ஜூலை மாதம் 20-ந் தேதி, ஆட்ரியாடிக் கடலில் லிஸ்ஸா தீவுக்கருகே இத்தாலியக் கப்பற்படையும் ஆஸ்திரியக் கப்பற்படையும் பொருதின. ஆஸ்திரியத் தளபதியின் கப்பல் பக்கவாட்டில் வந்து இடிக்கவே, 'ரே டி இத்தாலியா' என்னும் இத்தாலியப் போர்க்கப்பல் சில நிமிஷங்களுக்குள் ஆழ்ந்து போயிற்று. அதனோடு மாண்ட சுமார் 400 பேரில், துப்பாக்கி ஏந்தாது தூரிகை ஏந்திச் சென்ற ஒருவரும் இருந்தார். அவரே இப்போலிட்டோ காஃபி.

1809-ல் பெல்லூனோவில் பிறந்த காஃபி, வெனிஸ் கலாசாலையில் சித்திரம் பயின்று, 1832-ல் ரோமாபுரி சேர்ந்தார். நகரங்களையும் நீர்நிலைகளையும் வரைவதில் அவருக்கு முன்னரே பெரும்புகழ் பெற்றவர் கனலெட்டோ. அவர் தீட்டியது பெரும்பாலும் தெளிந்த பகலொளி. காஃபியோ நிலவையும், மூடுபனியையும், வாணவேடிக்கையையும் நாடினார். ரோமாபுரித் திருவிழாவின் இறுதி இரவில் ஜனங்கள் ஏந்தும் சிறு மெழுகுவர்த்திகளின் ஒளியை அவர் தீட்டிய படம் பிரஸித்தி பெற்றது. 1843-ல் கிழக்கே யாத்திரை புறப்பட்டு, ஆதென்ஸ், கான்ஸ்டாண்டினோபிள், எகிப்து முதலிய இடங்களைக் கண்டு வரைந்தார்.

1848-ல் ஆஸ்திரிய ஆதிக்கத்தை எதிர்த்து நாடு கிளர்ந்தெழுந்தபோது, காஃபி ஆயுதமேந்திப் போராடிச் சிறைப்பட்டார். தப்பி வெனிஸ் சேர்ந்தார். மார்கேரா கோட்டைமீது பீரங்கிக் குண்டுகள் பொழிந்ததையும் சித்திரமாக்கினார். 1849-ல் வெனிஸ் வீழ்ந்ததும் நாடு கடந்து வாழ நேர்ந்தது. 1858-ல் திரும்பி வந்தவரை, 1860-ல் ஆஸ்திரிய அதிகாரிகள் மீண்டும் சிறையிலிட்டனர்.

கலைஞனுக்குப் போர்க்கப்பலில் என்ன வேலை என்று சிலர் வினவக் கூடும். பிறர் சொல்லக் கேட்டு, அறையிலமர்ந்து வெற்றிச் சித்திரம் எழுதுவோர் எந்நாட்டிலும் உளர். காஃபி அவ்வகையினர் அல்லர். கண்ணாற் கண்டதையே வரைபவர், கடற்போரை வரைய வேண்டுமாயின் கடலுக்குத்தானே போக வேண்டும்? இத்தாலி அன்று தோற்றது. தோல்வியை வரையவும் அவர் மீளவில்லை.

மூன்று மாதங்களுக்குள், அதே 1866 அக்டோபரில், வெனிஸ் இத்தாலியோடு இணைந்தது. அந்த விழாவின் தீபங்களைத் தீட்டக் காஃபி இல்லை. ஆயினும் அவர் மனைவி 1889-ல் அவருடைய படைப்புகளில் 150-க்கு மேற்பட்டவற்றை வெனிஸ் நகருக்கே அளித்தார். காஃபி காணக் கொடுத்து வைக்காத சுதந்திர வெனிஸ், காஃபி கண்ட வெனிஸைத் தன் பொக்கிஷமாகக் காத்து வருகிறது.