பிரமையும் பிரமையும்

பேய்த்தேர் என்னும் கானல்நீரையும், கயிற்றைப் பாம்பெனக் காணும் கயிற்றரவையும் கடந்து, சென்ற வாரம் பிரமை என்னும் சொல்லின் வாயிலில் நின்றோம்.

இல்லாததைக் காண்பதையும், உள்ளதைப் பிறழக் காண்பதையும் வேறு பிரித்துக் காட்டிய பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோலைப் பற்றி இவ்வாரம் எழுதுவதாக இருந்தேன். ஆனால், அகராதியில் கண்ட ஒரு செய்தி என்னை அப்பால் நகரவிடவில்லை. சுழலுதல், அலைதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரினின்று பிறந்து திரிபுணர்ச்சியைக் குறிக்கும் பிரமை ஒன்று. தருக்க நூலார் மெய்யறிவுக்கு இட்ட பெயர் தமிழ் ஓசைக்கு இசைந்து வந்த பிரமை மற்றொன்று. வடமொழியில் வேராலும் முதலெழுத்தின் ஒலியாலும் வேறுபட்ட இவ்விரண்டும், பகர வருக்கத்துக்கு ஓரெழுத்தே போதும் என்று கொண்ட தமிழில் ஒரே உருவம் பூண்டு நிற்கின்றன. ஆங்கிலேயர் வழங்கும் ‘ஹாலுசினேஷன்’ என்பதன் லத்தீன் மூலமும் மனம் அலைதலையே குறிக்கும் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

பொய்யும் மெய்யும் ஒரே பெயரில் நிற்பதற்கு நம் புக்கிட் பெலிம்பிங்கைவிடத் தக்க இடம் வேறு எது? அங்குள்ள சிலாங்கூர் ஆற்றங்கரையில், இருள் கனிந்தபின் பெரெம்பாங் மரத்தருகே படகை நிறுத்திப் பாருங்கள். முதலில் ஆங்காங்கே சில பொறிகள் மட்டுமே தெரியும். சற்று நேரத்தில், இலைதோறும் அமர்ந்த, அரிசி மணியளவே உள்ள ஆண் மின்மினிகள் ஒன்றையொன்று நோக்கித் தத்தம் காலத்தைத் திருத்திக்கொள்ள, மரம் முழுவதுமே ஒருசேர ஒளிர்ந்து ஒருசேர அணையும். தாளம் போட்டு நடத்துவார் எவருமிலர்.

இக்காட்சியைச் சயாம் நாட்டில் 1690இல் கண்டு எழுதிவைத்தார் கெம்ப்ஃபர் என்னும் ஜெர்மானிய மருத்துவர். ஆயினும் 1917இல் ‘சயன்ஸ்’ இதழில் பிலிப் லாரண்ட் என்பவர், பூச்சிகள் அவ்வாறு ஒத்து மின்னுதல் இயற்கை விதிக்கு முரண் என்று கருதி, தாம் முன்னர்க் கண்ட ஒத்திசைவு தம் கண்ணிமை துடித்ததால் விளைந்த தோற்றமே என்று எழுதினார்! தம் கண் கண்ட மெய்யைப் பொய்யென்று தள்ளிய அவரது செயலை நினைக்குந்தோறும் என் மனம் வருந்துகிறது. இல்லாததை உண்டென்பது மட்டுமன்று, உள்ளதை இல்லையென்பதும் பிரமையே என்பது என் துணிபு.

ஆய்வாளர்களான ஜான் பக், எலிசபெத் பக் தம்பதியர் 1965இல் தாய்லாந்து சென்று, மின்மினிகளைப் பிடித்துவந்து, பாங்காக்கில் தாம் தங்கிய அறையை இருளாக்கி அவற்றைப் பறக்கவிட்டனர். சுவரில் அமர்ந்த பூச்சிகள் முதலில் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் இணைந்து மின்னத் தொடங்கின. அவர்தம் ஆய்வு 1968இல் அதே ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. இமை துடித்ததாகச் சொன்ன ஏட்டிலேயே, அரை நூற்றாண்டுக்குப் பின், மின்மினிகளுக்கு நியாயம் கிடைத்தது.

வியப்பைத் தொல்காப்பியர் ‘மருட்கை’ என்றதையும், அது பிறக்கும் நான்கு நிலைகளுள் சிறுமையையும் ஒன்றாக வைத்ததையும் இவ்விடத்தில் விரிக்க ஆசைதான். ஏடு அச்சுக்குப் போகும் நேரம் நெருங்கிவிட்டது. எஸ்கிரோல் அடுத்த வாரம் வருவார். அதற்குள், பால்மரக் காலத்துத் தோட்டத்து முதியோர் ஆற்றோரத்து இவ்வொளியை என்ன பெயரால் வழங்கினர் என்பதை அறிந்த அன்பர்கள் எழுதியனுப்பினால், நன்றியுடன் இத்தொடரில் சேர்த்துக்கொள்வேன்.