சம்பளம் இல்லாத லீவு... உடம்பு தாங்குமா?

காலை ஐந்து மணி. ஓசூரில் உங்கள் தெருமுனையில் ஷிப்ட் பஸ் வந்து நிற்கிறது. தினமும் அதில் ஓடிப்போய் ஏறும் உங்கள் வீட்டுக்காரர் இன்று படுக்கையில் புரண்டுகொண்டிருக்கிறார்.

''என்னங்க, நேரமாகலையா?''

''இன்னிக்கு லீவு'' என்கிறார், சுவரைப் பார்த்தபடி. ஆசைப்பட்டுப் போட்ட லீவு அல்ல. வேலை இல்லாததால் வந்த லீவு!

சிப்காட் பகுதிக்கு இது புதிதில்லை. லாரி விற்பனை படுத்துப்போன 2019 செப்டம்பரில், அசோக் லேலண்ட் தன் ஓசூர் ஆலைகளுக்கு 5 நாட்கள், எண்ணூருக்கு 16 நாட்கள் உற்பத்தி கிடையாது என்று அறிவித்தது. பெரிய ஆலை நின்றால், அதற்கு உதிரிபாகம் செய்து தரும் பட்டறைகளிலும் மெஷின் நிற்கும். அங்கே தினக்கூலிக்குப் போகிறவருக்கு, வேலை இல்லாத நாள் என்றால் வரும்படியும் இல்லாத நாள்தான்.

'பெரிய சம்பளக்காரர்களுக்கு இந்தக் கவலை ஏது?' என்று நினைக்காதீர்கள். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோது, அதன் பைலட்டுகளுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. கொரோனா வந்த 2020-ல் இண்டிகோ தன் ஊழியர்களில் 10 சதவிகிதம் பேரைக் குறைப்பதாக அறிவித்தது. ஏர் இந்தியாவோ, ஐந்து வருடம் வரைகூட நீளக்கூடிய சம்பளமில்லா விடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. வானத்தில் பறந்தாலும், தரையில் ஸ்பேனர் பிடித்தாலும் பயம் ஒன்றுதான்!

இந்தப் பயம் மனதோடு நிற்பதில்லை. தூக்கம் கெடும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். வயிறு எரியும். சின்ன விஷயத்துக்கெல்லாம் பிள்ளைகள் மீது எரிந்து விழத் தோன்றும்.

1929-30-ல் ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற சிற்றூரின் பஞ்சாலை மூடப்பட்டது. அங்கே போய் ஆராய்ந்தவர்கள் ஒரு விநோதத்தைக் கண்டார்கள். ஆண்களுக்குக் கை நிறைய நேரம். ஆனால், நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. தெருவில் நடப்பதுகூட மெதுவாகிவிட்டதாம்! வேலை போனால் பணம் மட்டும் போவதில்லை. எழுந்திருக்க, சாப்பிட, தூங்க என்று நாளுக்கு இருந்த ஒழுங்கும் சேர்ந்து போகிறது. உடம்பு சீர்கெடும் வழிகளில் இதுவும் ஒன்று.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில், கடிகாரத்தை மாற்றாதீர்கள். லீவு நாளிலும் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, குளித்து, அரை மணி நடக்கட்டும். பகல் தூக்கம் வேண்டாம். இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும்.

இரண்டாவது, ஒளிக்காதீர்கள். மனைவிக்குத் தெரியாமல் டிபன் பாக்ஸோடு கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் பொழுதைக் கழிக்கும் கணவர்கள் உண்டு. அந்த நாடகம் வேலை இழப்பைவிட அதிகமாக வாட்டும். கையிருப்பு எவ்வளவு, எந்தச் செலவைத் தள்ளிப்போடலாம் என்று இருவரும் உட்கார்ந்து நோட்டில் எழுதுங்கள். எழுதிப் பார்த்த கடன், நினைத்துப் பயந்த கடனைவிடச் சின்னதாகத் தெரியும்.

மூன்றாவது, மாத்திரையில் சிக்கனம் வேண்டாம். பி.பி., சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது ஆபத்து. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். வீடு தேடி வந்து மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் துவங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்!

தொடர்ந்து இரண்டு வாரம் தூக்கம் இல்லையா? புதிதாகக் குடிப்பழக்கம் எட்டிப் பார்க்கிறதா? 'நான் இருந்து என்ன பிரயோஜனம்?' என்ற பேச்சு வருகிறதா? அதைப் புலம்பல் என்று விட்டுவிடாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். இது மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். நேரில் போவதென்றால், பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது.

லாரி விற்பனை உங்கள் கையில் இல்லை. ஆனால், ஷிப்ட் பஸ் மறுபடி வந்து நிற்கும்போது, அதில் ஏற அவர் உடம்பு தயாராக இருக்கவேண்டும், இல்லையா? நாளைக் காலை ஐந்து மணிக்கே எழுப்பிவிடுங்கள். காபியைக் கொடுத்து, நீங்களும் கூடவே நடந்துவிட்டு வாருங்கள்!