குழந்தையை விளம்பரத்துல நடிக்க வைக்கணுமா? கையெழுத்துக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



"உங்க பாப்பா போட்டோ பார்த்தோம், சூப்பரா இருக்கா! ஒரு பெரிய பிராண்ட் விளம்பரத்துக்கு ஷார்ட்லிஸ்ட் ஆகியிருக்கா. போர்ட்ஃபோலியோ ஷூட்டுக்கு 25,000 ரூபாய் மட்டும் கட்டிடுங்க, அடுத்த ரவுண்டு கன்ஃபார்ம்."

இந்த மாதிரி மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கலாம். வந்ததும் முதல்ல மனசு குளிரும். நம்ம குழந்தை அழகுன்னு யாராவது சொன்னா யாருக்குத்தான் பிடிக்காது? ஆனா அதுக்கு அடுத்த நிமிஷம் செய்ய வேண்டியது ஜிபேயைத் திறக்கறது இல்ல, கால்குலேட்டரைத் திறக்கறது.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். உங்க சொந்த ஊர் ஜவ்வாது மலையில இருக்கிற நெல்லிவாசல்நாடு. நீங்க ஓசூர்ல ஒரு கம்பெனியில மாசம் 30,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்க்கறீங்க. அஞ்சு வயசுப் பொண்ணு ஊர்ல தாத்தா பாட்டிகிட்ட வளருது, அங்கேயே ஸ்கூலுக்குப் போகுது. அப்போதான் இந்த மெசேஜ் வருது. இப்போ என்ன பண்ணணும்?

பணம் எந்தப் பக்கம் போகுது?

இந்தத் தொழில்ல பணம் ஓடுற வழி ரொம்ப சிம்பிள். பிராண்ட் விளம்பர ஏஜென்சிக்குக் கொடுக்கும். ஏஜென்சி தயாரிப்பு நிறுவனத்துக்குக் கொடுக்கும். அவங்க நடிக்கிற குழந்தைக்குக் கொடுப்பாங்க. குழந்தையைக் கண்டுபிடிச்சுத் தர்ற கோஆர்டினேட்டர் அந்தச் சம்பளத்துல கமிஷன் எடுத்துக்குவார். அதாவது வேலை கிடைச்சா அவருக்குக் காசு, கிடைக்கலன்னா இல்ல.

பணம் இதுக்கு எதிர்ப்பக்கமா, உங்க பாக்கெட்ல இருந்து அவங்களுக்குப் போகுதுன்னா, நீங்க வேலை தேடுறவர் இல்ல, நீங்கதான் அவங்க கஸ்டமர். பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ, கிரூமிங் கிளாஸ், 'திருப்பித் தரப்படும்' டெபாசிட்னு பேர் எதுவா இருந்தாலும் விஷயம் ஒண்ணுதான்.

குழந்தைக்குப் போர்ட்ஃபோலியோ ஆல்பம் அவசியமே இல்ல. ஆறு மாசத்துல முகம் மாறிடும், ஒரு பல் விழுந்தா ஆளே மாறிடும். பகல் வெளிச்சத்துல மேக்கப் இல்லாம போன்ல எடுத்த நாலு போட்டோ, பேரும் வயசும் சொல்ற ஒரு சின்ன வீடியோ போதும்.

25,000 ரூபாய் எப்போ திரும்பி வரும்?

சரி, வேலை நிஜமாவே கிடைக்குதுன்னு வெச்சுக்குவோம். கீழே இருக்கிறது என் அனுமானக் கணக்கு. உங்க தொகையைப் போட்டு நீங்களே மாத்திக்கலாம்.

ஒரு நாள் ஷூட்டுக்குக் குழந்தையோட சம்பளம்: 15,000
கோஆர்டினேட்டர் கமிஷன் 20%: 3,000
குழந்தை பேர்ல கட்டாய டெபாசிட் 20%: 3,000
மலை இறங்கி, திருப்பத்தூர் வந்து, அங்கிருந்து சென்னை போய்த் திரும்ப, ரெண்டு பேருக்குப் பயணம், சாப்பாடு, ரூம்: 4,000
உங்களுக்கு ரெண்டு நாள் லாஸ் ஆஃப் பே: 2,000
கையில மிச்சம்: 3,000

போர்ட்ஃபோலியோவுக்குக் கட்டின 25,000 ரூபாய் திரும்பி வரவே 9 விளம்பரம் வேணும். ஆடிஷனுக்குப் போய் செலக்ட் ஆகாம திரும்பினா, அந்த ஒவ்வொரு தடவையும் பயணமும் லீவும் சேர்த்து 6,000 ரூபாய் மைனஸ். இதுல குழந்தை ஸ்கூலுக்குப் போகாத நாளை நான் சேர்க்கவே இல்ல.

அதே 25,000 ரூபாயை பொண்ணு பேர்ல செல்வமகள் சேமிப்புத் திட்டத்துல போட்டா? 2024 ஜனவரியில வட்டி 8.2% ஆச்சு. காலாண்டுக்கு ஒரு தடவை அரசு இதை மாத்தலாம். இதே வட்டி நீடிச்சா, கணக்கு முதிர்ற 21 வருஷத்துல அது சுமார் 1,30,000 ரூபாய் ஆகும். கணக்கு உயிரோட இருக்க வருஷத்துக்குக் குறைஞ்சது 250 ரூபாய் போட்டுட்டே வரணும், அவ்வளவுதான்.

கலெக்டர் அனுமதி இருக்கா?

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இது. 14 வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தையை வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு குழந்தைத் தொழிலாளர் சட்டம் சொல்லுது. 1986 சட்டம், 2016ல திருத்தினாங்க. அதுல சினிமா, சீரியல், விளம்பரத்துல கலைஞரா நடிக்கிறதுக்கு விதிவிலக்கு உண்டு. சர்க்கஸுக்குக் கிடையாது. இந்த விதிவிலக்கு சும்மா வராது, நிபந்தனையோடதான் வரும். 2017ல சேர்த்த 2சி விதியில இருக்கிற முக்கியமானவை:

1. ஷூட்டிங் எந்த மாவட்டத்துல நடக்குதோ, அந்த மாவட்ட கலெக்டர்கிட்ட தயாரிப்பாளர் முன்னாடியே அனுமதி வாங்கணும். படிவம் சி-ல உறுதிமொழி, குழந்தைகள் பட்டியல், பெற்றோர் சம்மதம், பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆள் பேர் எல்லாம் கொடுக்கணும். உறுதிமொழி 6 மாசம் செல்லும்.
2. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல வேலை கூடாது. ஓய்வில்லாம தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.
3. தொடர்ந்து 27 நாளுக்கு மேல வேலை செய்ய வைக்கக் கூடாது. படிப்பு விட்டுப்போகாம தயாரிப்பாளர் ஏற்பாடு பண்ணணும்.
4. அஞ்சு குழந்தைக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கணும்.
5. குழந்தைக்கே இஷ்டம் இல்லன்னா நடிக்க வைக்கக் கூடாது.

அப்போ நம்ம உதாரணத்துல, நெல்லிவாசல்நாட்டுக் குழந்தை சென்னையில நடிச்சா சென்னை கலெக்டர் அனுமதி. யூனிட் ஜவ்வாது மலைக்கு வந்து புதூர்நாட்டுப் பக்கம் ஷூட் பண்ணி, ஊர்க் குழந்தைகளைக் கூப்பிட்டு நிக்க வெச்சா? மலையோட அந்தப் பக்கம் திருப்பத்தூர் மாவட்டம், அதனால திருப்பத்தூர் கலெக்டர் அனுமதி. "சும்மா பின்னாடி ஓடி விளையாடுற சீன்தான் சார், பிஸ்கட் பாக்கெட் தர்றோம்"னு சொன்னாலும் அதுவும் வேலைதான், சம்பளம் உண்டான்னு கேளுங்க.

சட்டத்தை மீறி வேலைக்கு வெச்சவருக்கு 6 மாசம் முதல் 2 வருஷம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். அதனால உண்மையான கம்பெனிகிட்ட "கலெக்டர் அனுமதி காப்பி அனுப்புங்க"ன்னு கேட்டா கோபப்பட மாட்டாங்க. போலி ஆசாமி அதோட போனை வெச்சுடுவார். உங்ககிட்ட இருக்கிறதுலயே சுலபமான ஃபில்டர் இதுதான், பைசா செலவில்ல.

அந்த 20% யாரோடது?

குழந்தை சம்பாதிச்ச வருமானத்துல குறைஞ்சது 20 சதவீதத்தை, தேசியமயமாக்கப்பட்ட வங்கியில குழந்தை பேர்ல ஃபிக்ஸட் டெபாசிட்டா நேரடியா போடணும்னு அதே விதி சொல்லுது. மேஜர் ஆனதும் அது அவங்களுக்குப் போகும்.

ஏன் இப்படி ஒரு விதி? 1921ல சாப்ளினோட 'தி கிட்' படத்துல நடிச்சு உலகப் புகழ் பெற்ற பையன் ஜாக்கி கூகன். சின்ன வயசுல 30, 40 லட்சம் டாலர் சம்பாதிச்சதா மதிப்பிடறாங்க. வளர்ந்து பார்த்தா கையில ஒண்ணுமே இல்ல. 1938ல அம்மா மேலயும் மாற்றாந்தந்தை மேலயும் வழக்குப் போட்டார். கடைசியில கிடைச்சது சுமார் 1,26,000 டாலர்தான். அடுத்த வருஷமே கலிஃபோர்னியாவுல சட்டம் வந்தது. இன்னைக்கு அங்கே குழந்தை நட்சத்திரத்தோட வருமானத்துல 15% தனியா ஒதுக்கணும். நம்ம ஊர்ல 20%.

ஆனா 20% போட்டுட்டா மிச்ச 80% நம்மளோடதுன்னு அர்த்தம் இல்லங்க. அதுவும் குழந்தை உழைச்சு சம்பாதிச்ச காசுதான், நாம வெறும் காப்பாளர். பயணச் செலவை எடுத்துக்கறது நியாயம். நம்ம பைக் இஎம்ஐ கட்டறது நியாயமே இல்ல.

வரி யார் கட்டணும்?

பொதுவா மைனர் குழந்தையோட வருமானம், அப்பா அம்மாவுல யாருக்கு வருமானம் அதிகமோ அவங்க கணக்குல சேரும். வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 64(1ஏ). ஆனா குழந்தை தன்னோட திறமையால சம்பாதிச்சா அந்த வருமானம் சேராது. நடிப்பு, மாடலிங் இதுல வரும். அது குழந்தையோட தனி வருமானம், தனி பான், தனி ரிட்டர்ன். பெற்றோர் பிரதிநிதியா ஃபைல் பண்ணணும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் வருஷச் சட்டம் அமலுக்கு வருது. பிரிவு எண் மாறும், இந்த அடிப்படை மாறாது.

2025-26 நிதியாண்டுக்கு ஒரு உதாரணம். குழந்தை ஒரு சீரியல்ல 2,00,000 ரூபாய் சம்பாதிக்குது. தயாரிப்பாளர் 10% டிடிஎஸ், அதாவது 20,000 ரூபாய் பிடிக்கறார். புதிய வரி முறையில 4 லட்சம் வரைக்கும் வரியே இல்ல. குழந்தை பேர்ல ரிட்டர்ன் போட்டா 20,000 ரூபாயும் ரீஃபண்ட். போடலன்னா அந்தக் காசு அப்படியே போச்சு. பான் இல்லன்னா பிடித்தம் 20% ஆகும். அதனால முதல்ல குழந்தைக்கு பான் எடுங்க. சம்பளக்காரங்க போடற ஐடிஆர்-1 இதுக்கு ஒத்துவராது, தொழில் வருமானத்துக்கான படிவம் வேணும்.

இப்போ ஒரு ட்விஸ்ட். கட்டாய டெபாசிட் 40,000 ரூபாய்க்கு 7% வட்டின்னா வருஷம் 2,800 ரூபாய். இந்த வட்டி குழந்தையோட திறமையால வந்தது இல்ல, முதலீட்டால வந்தது. அதனால அது உங்க வருமானத்துல சேரும். பழைய வரி முறையில இருந்தா குழந்தைக்கு 1,500 ரூபாய் வரை கழிவு உண்டு, புதிய முறையில அதுவும் இல்ல. அதனால சட்டப்படி போட வேண்டிய 20% போக மிச்சத்தை, வட்டிக்கு வரி இல்லாத செல்வமகள் திட்டத்துலயோ பிபிஎஃப்-லயோ போடறது நல்லது.

"குழந்தைக்கு அக்கவுண்ட் இல்லையா? பரவால்ல, உங்க அக்கவுண்ட்லயே போட்டுடறோம்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. டிடிஎஸ் உங்க பான்ல ஏறும், ஏஐஎஸ்-ல உங்க வருமானமா நிக்கும். அப்புறம் அது குழந்தையோடதுன்னு நிரூபிக்கறது உங்க தலைவலி.

ஜவ்வாது மலை வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. பழங்குடியினருக்கு வருமான வரியே இல்லைன்னு சிலர் சொல்வாங்க. பிரிவு 10(26) தர்ற அந்த விலக்கு வடகிழக்கு மாநிலங்கள், லடாக் மாதிரி குறிப்பிட்ட பகுதிகளுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டு மலையாளி பழங்குடியினருக்கு அது பொருந்தாது.

ஒப்பந்தத்துல என்ன பார்க்கணும்?

பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு, ராஜ் ராணி எதிர் பிரேம் ஆதிப். மைனர் பொண்ணை நடிக்க வைக்கறதா அவங்க அப்பாகூட தயாரிப்பாளர் ஒப்பந்தம் போட்டார். அப்புறம் அந்த ரோலை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டார். பொண்ணு தரப்புல வழக்குப் போட்டாங்க. மைனரோட ஒப்பந்தம்னு பார்த்தா அது செல்லாது, அப்பாவோட ஒப்பந்தம்னு பார்த்தா அதுக்கு அவர் தரப்புல பிரதிபலன் இல்லன்னு கோர்ட் சொல்லிடுச்சு. நஷ்ட ஈடு கிடைக்கல.

இதுல இருந்து நமக்கு என்ன பாடம்? பின்னாடி கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்னு நம்பாதீங்க. முன்பணம் ஷூட்டுக்கு முன்னாடியே வரணும். விளம்பரம் எத்தனை மாசம், எந்தெந்த மீடியாவுல ஓடும்னு எழுத்துல இருக்கணும். "மூணு வருஷம் எங்க மூலமா மட்டும்தான்"ங்கிற வரி இருந்தா கையெழுத்துப் போடாதீங்க.

நம்ம ரீல்ஸ் மட்டும் என்ன?

குழந்தையை வெச்சு நீங்களே ரீல்ஸ் போட்டு, பிராண்ட் உங்களுக்குப் பணம் கொடுத்தா, ஒப்பந்தமும் அக்கவுண்ட்டும் உங்களோடது. வருமானமும் உங்க கணக்குலதான் காட்டணும். இலவசமா வர்ற பொருளோட மதிப்பு ஒரே கம்பெனிகிட்ட இருந்து வருஷத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினா, 194ஆர் பிரிவுல 10% டிடிஎஸ் உண்டு. அமெரிக்காவுல இல்லினாய் மாநிலம் 2024 ஜூலையிலயும், கலிஃபோர்னியா 2025 ஜனவரியிலயும், வீடியோவுல வர்ற குழந்தைக்கும் பங்கு ஒதுக்கணும்னு சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தாச்சு. நாம சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. அதே 20%-ஐ இன்னைக்கே பாப்பா பேர்ல போட ஆரம்பிக்கலாம்.

கையெழுத்துக்கு முன்னாடி கேட்க வேண்டிய 5 கேள்வி

1. நான் ஏதாவது பணம் கட்டணுமா? ஆமான்னா, அங்கேயே முடிச்சுக்குங்க.
2. தயாரிப்பு நிறுவனம் எது, கலெக்டர் அனுமதி காப்பி எங்கே?
3. எத்தனை மணி நேரம், எத்தனை நாள், ஸ்கூல் எத்தனை நாள் போகும்?
4. சம்பளம் எவ்வளவு, எப்போ, குழந்தையோட அக்கவுண்ட்டுக்கா?
5. இது பாப்பாவுக்குப் பிடிச்சிருக்கா? இதை அவங்ககிட்ட கேட்காதீங்க, பாப்பாகிட்ட கேளுங்க.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தா வெட்கப்பட்டு உட்காராதீங்க. ஆன்லைன்ல போன பணத்துக்கு உடனே 1930க்கு போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை வழியில நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. குழந்தைக்கு ஷூட்டிங்ல ஏதாவது கஷ்டம்னா 1098.

குழந்தைக்கு நடிக்க ஆசை இருந்தா தாராளமா அனுப்புங்க, அது தப்பே இல்ல. 18 வயசுல அவங்க பாஸ்புக்கைத் திறந்து பார்க்கும்போது, தான் சம்பாதிச்சது அதுல இருக்கணும். அதைப் பார்த்துக்கறதுதான் நம்ம வேலை.

உங்களுக்கு இந்த மாதிரி மெசேஜ் வந்திருந்தா, எவ்வளவு கேட்டாங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க. குழந்தைக்கு பான் எடுக்கறதையும் ரிட்டர்ன் போடறதையும் ஸ்டெப் பை ஸ்டெப்பா நம்ம சேனல்ல அடுத்த வீடியோவுல பார்ப்போம். குட்டிப் பசங்க இருக்கிற ஆபீஸ் நண்பர் ஒருத்தருக்காவது இதை ஃபார்வேர்ட் பண்ணுங்க!